பிள்ளைகளைச் சென்னைக்கு ரயிலில் கூட்டிப் போங்கள்

கோடை விடுமுறை நெருங்கினால் எங்கள் மதுராந்தகம் பக்கத்துப் பள்ளிகளில் சென்னை ஒருநாள் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். விடியற்காலை வேன், வண்டலூர், கிண்டி, ஒரு மால், மெரினா, நடுவில் இன்னும் இரண்டு இடம், நள்ளிரவில் ஊர். பிள்ளைகள் பாதி நேரம் வேனில் தூங்குகிறார்கள், மீதி நேரம் வரிசையில் நிற்கிறார்கள். ஆசிரியையாக எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ரயிலில் போங்கள், ஒரே இடத்துக்கு, எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள் என்றுதான் கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

எங்கள் பிள்ளைகள் பலர் சென்னைக்குத் தனியாகப் போக வேண்டிய முதல் நாள், கல்லூரிச் சேர்க்கைக்கோ நேர்காணலுக்கோ போகும் நாளாக இருக்கிறது. தாம்பரத்தில் எந்தப் பிளாட்பாரம், எங்கே மாற வேண்டும் என்று தெரியாமல், துணைக்கு ஆள் தேடி, ஆள் கிடைக்காமல் போகாமலே இருந்துவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். நன்றாகப் படித்த பெண்கள். ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே கவுன்டரில் நின்று டிக்கெட் வாங்கி, பெயர்ப் பலகை படித்து, மின்சார ரயில் மாறிப் பழகியிருந்தால் அந்தப் பயம் இருந்திருக்காது. அதனால் டிக்கெட்டை நாம் வாங்கக் கூடாது. குழுவுக்கு ஒரு பிள்ளை வாங்கட்டும். நேரமானால் ஆகட்டும்.

பாசஞ்சரில் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயிலில் எழும்பூர். வழியில் பாலாறு, செங்கல்பட்டில் கொளவாய் ஏரி, அப்புறம் பல்லாவரம். பல்லாவரம் வரும்போது பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் கற்கால மனிதனின் கருவியைக் கண்டெடுத்த ஊர் அது. அவர் சேர்த்த கற்கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. ஜன்னல் வழியாகப் பார்த்த ஊரின் பெயரை அங்கே மறுபடி கேட்கும்போது வரலாற்றுப் பாடம் சட்டென்று பக்கத்தில் வந்துவிடுகிறது.

1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. அமராவதிச் சிற்பங்கள், திருவாலங்காட்டு நடராசர், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர், ஆதிச்சநல்லூர்ப் பொருட்கள் என்று ஒரு நாளில் பார்த்து முடியாது. முடிக்கவும் வேண்டாம். ஒரு பிள்ளை ஒரே சிலையின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து வரைந்தால் அதை இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அதே வளாகத்தில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. நாட்டில் அச்சாகும் நூல்களில் ஒரு படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. வாசல் வரையாவது கூட்டிப்போய், இது உங்களுக்கும் சொந்தம் என்று சொல்லுங்கள்.

ஒரே இடம் என்பதற்கு வெயிலும் காரணம். மே முதல் வாரத்தில் கத்திரி தொடங்கிவிடும். ஏப்ரல் கடைசியில் போய்விடுவது நல்லது. பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை பிள்ளைகள் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும்.

இன்னொன்றை ஆண் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். சுற்றுலா அன்று பெண் பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. வேன் எங்கே நிற்கும், அங்கே கழிப்பறை இருக்குமா என்ற பயம். மதியத்துக்குள் தலைவலி, கிறுகிறுப்பு. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். போய் இறங்கியதும் கழிப்பறையைக் காட்டிவிட்டுத்தான் மற்றது. இரண்டு ஆசிரியைகளாவது கூட வர வேண்டும், பையில் நாப்கின் இருக்க வேண்டும், அது இருப்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் புளிசோறு போதும், இந்த வெயிலிலும் கெடாது.

மாலையில் எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோ. ஒரே நிறுத்தம்தான். ஆனால் நகரும் படிக்கட்டில் முதல் முறை கால் வைக்கத் தயங்கும் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். எதிரே பூங்கா நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரம் வந்துவிடலாம்.

மெரினா இல்லையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கூட்டத்தில், அந்த அலைக்குப் பக்கத்தில், ஒரு வகுப்பையே எண்ணிக்கொண்டு நிற்கும் பொறுப்பை நான் ஏற்கமாட்டேன். எங்களுக்குக் கடல் தூரமும் இல்லை. கடப்பாக்கத்துக்கும் ஆலம்பரைக் கோட்டைக்கும் இன்னொரு நாள் போகலாம்.

இந்த விடுமுறையில் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.