லாட்ரெக்கின் ‘ஜாக்கி’ சுவரொட்டி அல்ல

பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லாட்ரெக்கின் ‘ஜாக்கி’ (பந்தயக் குதிரை ஓட்டுபவர்) படத்தை, உங்கள் பதிவில் 1899இல் லோன்ஷான் குதிரைப் பந்தயத்துக்காகப் பாரிஸ் சுவர்களில் ஒட்டிய விளம்பரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டு சரி, மற்றது தவறு. பியர்ஃபோர் என்ற பதிப்பாளர் பந்தயக் காட்சிகளை வரிசையாக வெளியிட நினைத்து, சேகரிப்பாளர்களுக்காக வரையச் சொன்ன லித்தோகிராஃப் (கல்லில் வரைந்து தாளில் எடுக்கும் கல்லச்சு) அது. வரிசையில் இது ஒன்றுதான் வெளிவந்தது. படத்தையே பாருங்கள்: பந்தயத்தின் பெயர், தேதி, கட்டணம் எதுவும் இல்லை. எழுத்தில்லாமல் என்ன விளம்பரம்? அளவும் சுமார் 52 × 36 செ.மீ. தான், மூலன் ரூஷ் என்ற பாரிஸ் நடன அரங்குக்காக 1891இல் அவர் செய்த சுவரொட்டியோ, தாள்களை ஒட்டிச் சேர்த்து ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும்.

‘கறுப்பு வெள்ளையில் இருந்தால் போலி’ என்று நீங்கள் சொல்வதும் பிழை. முதலில் கறுப்பில் மட்டும் அச்சிட்டார்கள். ஆறு வண்ணப் பதிப்பு அடுத்த நிலை.

போலியைப் பிடிக்க நிறத்தை நம்பாதீர்கள். 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கல்லச்சில் கிரேயான் கோடு சொரசொரப்பாக உடையும், தெறித்த மைப்புள்ளிகள் பெரிதும் சிறிதுமாகச் சிதறிக் கிடக்கும். ஒரே சீரான புள்ளிகள் பூப்போல வட்டம் கட்டி நின்றால் அது ஆஃப்செட் (புகைப்படத்திலிருந்து இயந்திரத்தில் எடுக்கும்) மறு அச்சு. சட்டகம் எவ்வளவு பழசாக இருந்தாலும் சரி.