அந்தியோக்கியாவில் வாங்கிக்கொள்ள வேண்டிய கூலி

(1089ஆம் ஆண்டு. செல்ஜூக் சுல்தான் மாலிக் ஷாவின் படை, சமர்கந்தை நோக்கிச் செல்லும் வழியில் ஜைஹூன் ஆற்றை (இன்றைய அமு தரியா) கடந்து முடித்திருக்கிறது. கரையில் இரண்டு படகோட்டிகள். இளையவர் கையில், மை இன்னும் காயாத ஒரு தாள்.)

இளையவர்: அண்ணா, குதிரைகளையும் கூடாரங்களையும் முதுகு ஒடிய அக்கரை சேர்த்ததற்கு சுல்தானின் முதலமைச்சரான வசீர் நிஜாமுல் முல்க் கொடுத்த உண்டியல் சீட்டு இது. பணத்தை அந்தியோக்கியாவில் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அது எந்தத் துறைக்கு அடுத்த துறை?

மூத்தவர்: துறையா? அது சிரியாவில் இருக்கிறது, தம்பி. ஐந்து ஆண்டுகளுக்கு முன்புதான் நம்மவர்கள் கைக்கு வந்தது. இன்றே கிளம்பி இடைவிடாமல் நடந்தாலும் போய்ச் சேர நான்கு மாதமாவது ஆகும்.

இளையவர்: போகும் வழியில் சோற்றுக்கே இந்தக் கூலி போதாதே! நீங்கள் சுல்தானிடம் முறையிடவில்லையா?

மூத்தவர்: முறையிட்டேன். சுல்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டு வசீரைப் பார்த்தார். அவரோ சற்றும் அசராமல், ஜைஹூன் படகோட்டியின் கூலி அந்தியோக்கியா வருவாயிலிருந்து கொடுக்கப்பட்டது என்று கேட்டால்தான் மாலிக் ஷாவின் ஆட்சி எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பது பின்னால் வருகிறவர்களுக்குப் புரியும் என்றார். சுல்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இளையவர்: உச்சி குளிர்ந்தது அவருக்கு, வயிறு காய்வது நமக்கா?

மூத்தவர்: வசீரும் வயிறு காய்ந்தவர்தான். இயற்பெயர் ஹசன். தூஸ் பக்கத்திலிருந்து வந்து, இளமையில் இதோ பல்க் நகரத்தில் ஆளுநரிடம் எழுத்தராக இருந்தவர். கையில் நாலு காசு சேர்ந்ததும், "ஹசன், நீ கொழுத்துவிட்டாய்" என்று சொல்லி அந்த ஆளுநர் ஆண்டுதோறும் அத்தனையையும் பிடுங்கிக்கொள்வாராம். பொறுத்துப் பார்த்துவிட்டு மெர்வுக்கு ஓடிப்போய், அல்ப் அர்ஸ்லானின் தந்தையிடம், அதாவது நம் சுல்தானின் பாட்டனாரிடம், வேலையில் சேர்ந்துகொண்டார்.

இளையவர்: பிடுங்கக் கற்றுக்கொண்ட இடம் பல்க் என்று சொல்லுங்கள்.

மூத்தவர்: மெல்லப் பேசு. அல்ப் அர்ஸ்லான் சுல்தானானதும் பழைய வசீர் குந்துரியின் தலை போனது. எழுதுகோல் இவர் கைக்கு வந்தது. வசீர்களைக் கொல்லும் வழக்கத்தைத் தொடங்கி வைத்துவிட்டீர்கள், அது உங்களையும் தேடி வரும் என்று குந்துரி சாகும்முன் சொல்லியனுப்பினாராம். 1072இல் அல்ப் அர்ஸ்லானை ஒரு கைதி குத்திவிட்டான். பட்டத்துக்கு வந்த மாலிக் ஷாவுக்கு வயது 17 இருக்கும். அன்று முதல் கிரீடம் சுல்தான் தலையில், கணக்கு வசீர் கையில்.

இளையவர்: மகன்களையும் மருமகன்களையும் ஊருக்கு ஒருவராக அதிகாரத்தில் உட்கார்த்தி வைத்திருக்கிறாரே! இந்தப் படகுத் துறைக்கு மட்டும் ஒருவரையும் அனுப்பவில்லை. துடுப்புப் பிடித்தால் கை காய்க்கும் என்று தெரிந்திருக்கிறது.

மூத்தவர்: நல்லதையும் சொல். பாக்தாதில் 1067இல் நிஜாமியா மதரஸாவைத் திறந்தார். பல்க்கிலும் நிஷாப்பூரிலும்கூட நடக்கின்றன. படிக்கிற பிள்ளைகளுக்கு இருக்க இடமும் கைச்செலவுக்குப் பணமும் கிடைக்கின்றன.

இளையவர்: அந்தப் பிள்ளைகளுக்கும் சோற்றை அந்தியோக்கியாவில்தான் பரிமாறுகிறார்களா?

மூத்தவர்: உன் நாக்குக்கு ஒரு தனிப் படகு வேண்டும். எளியவர்களையும் கிட்டே விடுகிறார், அதைப் பார். மனு என்று ஒரு தாளை நீட்டினால் போதும், காவலர்கள் விலகிக்கொள்கிறார்கள்.

(மூன்று ஆண்டுகள் கழித்து, 1092இல், நஹாவந்த் அருகே துறவி வேடத்தில் வந்த ஒருவனுக்கும் அப்படித்தான் விலகிக்கொண்டார்கள். அவனிடம் கத்தி இருந்தது. படகோட்டிகளுக்கு அது இன்னும் தெரியாது.)

இளையவர்: சரி, இந்தத் தாளைச் சுருட்டிப் படகின் ஓட்டையை அடைக்கட்டுமா?

மூத்தவர்: ஐயோ, வேண்டாம்! நாம் எங்கேயும் போக வேண்டியதில்லை. வசீரின் கையொப்பத்தைப் பார்த்தாலே பணம் மாற்றும் சராப்புக் கடைக்காரர்கள் இங்கேயே பொன்னாக மாற்றிக் கொடுப்பார்களாம். அதோ, ஒருவர் தராசோடு வருகிறார்.

(கடைக்காரர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தலையசைத்து, மாற்றுக் கூலியாக வட்டம் கழித்துக்கொண்டு மீதியை எண்ணி வைத்துவிட்டுப் போகிறார்.)

இளையவர்: அண்ணா, கழித்த வட்டத்தை யாரிடம் கேட்பது? அதற்கும் ஒரு மனு கொடுப்போமா?

மூத்தவர்: கொடுக்கலாம். ஆனால் படை கிழக்கே வெகு தூரத்தில் உள்ள காஷ்கர் பக்கம் திரும்பப் போவதாகக் கேள்வி. அடுத்த உண்டியலை அந்த ஊருக்கு எழுதிவிடுவார். பேசாமல் படகை அவிழ்.