ரவைப்பெட்டி அடுப்பும் 46 சிரிப்பும்

சரி, மூண்டு நாளா வாயை மூடிக்கொண்டு இருந்தனான், இனி ஏலாது. பனிக்குள்ளை மகளோடை டென்ட் அடிச்சு, அதுக்குள்ளை நான் செய்த விறகடுப்பு எரியிற படத்தைக் குரூப்பிலை போட்டனான். அதுக்குக் கீழை நடந்த கூத்தை நீங்கள் எல்லாரும் பாத்திருப்பியள். ஸ்கிரீன்ஷொட் எடுத்து மற்ற குரூப்பிலை போட்ட அண்ணைக்கும், அதுக்குச் சிரிப்புப் போட்ட 46 பேருக்கும் (ஓம், எண்ணினனான்) சேர்த்துத்தான் இது.

"டென்ட்டுக்குள்ளை விறகடுப்பு மூட்டி, பிள்ளையையும் கொண்டுபோய் வைச்சிருக்கிறான், பொலிசுக்கு அடிச்சுச் சொல்லவேணும்." இது ஒண்டு. அண்ணை எழுதின மற்ற வசனத்துக்குப் பிறகு வாறன்.

முதல் ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ. அந்த அடுப்பு நான் என்ரை கையாலை செய்தது. அதிலை இருக்கிற ஒவ்வொரு ஓட்டையும் எனக்குத் தெரியும், ஏனெண்டா ஒவ்வொண்டையும் துளைச்சது நான். பழைய ஆமிச் சாமான் விக்கிற கடையிலை 35 டொலருக்கு எடுத்த ஐம்பது கலிபர் ரவைப்பெட்டி, அதாவது துவக்குக் குண்டு வைக்கிற தகட்டுப் பெட்டி, 11 இஞ்சி நீளம், 7 இஞ்சி உயரம், 100 ரவை கொள்ளும் எண்டு பக்கத்திலை மஞ்சள் எழுத்து. அதைப் பக்கவாட்டிலை படுக்க வைச்சா மூடியே கதவு. கதவிலை காத்துக்கு நாலு துவாரம், அதைக் கூட்டிக் குறைக்க ஒரு தகட்டுத் துண்டு. மேலை மூண்டு இஞ்சிக் குழாய். குழாய் வாய்க்குக் கீழை குறுக்கை ஒரு தகடு, இல்லாட்டி நெருப்பு நேரை குழாய்க்குள்ளை ஏறி, சூடு முழுக்க ஆகாயத்துக்குப் போகும், நீங்கள் நடுங்கிக்கொண்டு கிடப்பியள். அடியிலை ஒரு இஞ்சிக்கு மணல், பெட்டித் தகடு மெல்லிசு எண்டபடியால்.

பெயின்ட்டை வெளியிலை வைச்சு மூண்டு தரம் எரிச்சுப்போட்டுத்தான் உள்ளுக்குக் கொண்டுபோனனான். முதல் தரம் மூடியிலை கிடந்த ரப்பர் வளையத்தைக் கழட்ட மறந்திட்டன், அந்த நாத்தத்திலை பக்கத்து வீட்டுக் கிழவி வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்தவ, அதையும் ஒத்துக்கொள்ளுறன். எரிய எரிய பச்சைப் பெயின்ட் முழுக்கப் போயிட்டுது, அந்த மஞ்சள் எழுத்து மட்டும் மூண்டாம் தரம்தான் போனது. குழாய் கல்வனைஸ், அதாவது நாகம் (சிங்க்) பூசின தகடு, இல்லை. அது சிவக்கச் சூடானா அந்த நாகம் புகையா வரும், அதைச் சுவாசிச்சா இரவைக்கு மலேரியா மாதிரிக் குளிர்காய்ச்சல். இதெல்லாம் எனக்குத் தெரியும், அண்ணைக்குத் தெரியுமோ?

"கடையிலை நல்ல டைட்டேனியம் அடுப்பு விக்குதே" எண்டு ஒரு தம்பி மரியாதையாத்தான் கேட்டவர். விக்குது தம்பி, வாங்குங்கோ, சுருட்டிப் பையுக்குள்ளை வைக்கலாம், வடிவான சாமான். எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

இன்னொராள், அல்கொன்குவின் பார்க்கிலை மியூ லேக் எண்ட முகாமிலை கரண்ட் பொயின்ட் இருக்கிற சைட்டே கிடக்கே, ஹீட்டரைக் குத்திப்போட்டுப் படுக்கலாமே எண்டு. படுக்கலாம். அதுக்கு நான் ஸ்காபரோவிலை வீட்டிலை என்ரை கட்டிலிலையே படுக்கலாம்.

இனி அந்தப் பிள்ளைக் கதை. இதுக்கு நான் ஒழுங்காத்தான் பதில் சொல்லவேணும், ஏனெண்டா இதிலை நியாயம் இருக்கு. நெருப்பு அரைகுறையா எரிஞ்சா வாற காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லுற வாயு, அதுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, பள்ளிக்கூடத்திலை ஓஎல் விஞ்ஞானம் படிச்ச ஆளுக்கு இதை நீங்கள் சொல்லித்தரத் தேவையில்லை. 2013 டிசம்பரிலை ஐஸ் மழை பெய்து டொரொன்டோவிலை மூண்டு லட்சம் இணைப்புக்குக் கரண்ட் நிண்டது ஞாபகம் இருக்கோ? அப்ப சனம் கரி பார்பிகியூவை வீட்டுக்குள்ளை கொண்டுவந்து மூட்டி மயங்கி விழுந்தது. டென்ட்டிலை இல்லை, வீட்டிலை! பார்பிகியூவுக்குப் புகைக்குழாய் இல்லை, என்ரை அடுப்புக்கு இருக்கு. குழாய் துணிக்கு வெளியிலை போற இடத்திலை நெருப்புத் தாங்கிற சிலிக்கோன் துணி வைச்சுத் தைச்சிருக்கு. மேலையும் கீழையும் காத்து வர வழி விட்டிருக்கு. அந்த வாயு வந்தாக் கத்துற அலாரம் ரெண்டு, ரெண்டுக்கும் லித்தியம் பற்றரி, மற்றப் பற்றரி மைனஸ் இருபதிலை செத்துப்போம். முக்கியமா, நெருப்பை வைச்சுக்கொண்டு நாங்கள் நித்திரை கொள்ளுறேல்லை. அந்தச் சின்னப் பெட்டி எப்பிடியும் ஒரு மணித்தியாலத்துக்கு மேலை தாங்காது. சாப்பிட்டு, சப்பாத்துக் காயவைச்சு, மகள் சீட்டாட்டத்திலை என்னை ரெண்டு தரம் வெண்டு, தணல் அணைஞ்ச பிறகு மைனஸ் முப்பதுக்கான ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளை பூருறதுதான்.

ஒரு பிழை நடந்தது, மறைக்கேல்லை. போன வருசம், மகள் இல்லை, நான் தனிய. அடுப்பை நேரை பனிக்கு மேலை வைச்சிட்டன். அரை மணித்தியாலத்திலை கீழை பனி உருகி, ஒரு கால் மெல்லமாத் தாழ்ந்து, குழாய் மூட்டிலை கழண்டு டென்ட் முழுக்கப் புகை. காலுறையோடை வெளியிலை பாஞ்சனான், மைனஸ் இருபத்திநாலு. இப்ப கீழை மூண்டு பச்சைக் கட்டை அடுக்கி, அதுக்கு மேலைதான் அடுப்பு, ஒவ்வொரு மூட்டுக்கும் ஸ்குரூ. அண்ணை இதைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு "பாத்தியளோ" எண்டு வருவார் எண்டு தெரியும். வாங்கோ. வீட்டிலை காஸ் அடுப்பிலை பாலை வைச்சிட்டு நாடகம் பாத்து மறந்துபோறவை எல்லாம் எனக்குப் பாதுகாப்புப் படிப்பிக்க வாங்கோ.

டென்ட்டுக்குள்ளை அடுப்பு எண்டது நான் கண்டுபிடிச்ச விசரும் இல்லை. அமெரிக்க ஆமியிலை சிப்லி எண்டொருத்தர் 1856இலை கூம்புக் கூடாரத்துக்குப் பேட்டன்ட் எடுத்தவர், அதுக்குள்ளை வைக்கிறதுக்குத் தகட்டாலை கூம்பு அடுப்பும் செய்தவர். பாவம், பிறகு அமெரிக்க உள்நாட்டுச் சண்டையிலை எதிர்ப் பக்கம் போனதாலை கூடாரத்துக்கு வரவேண்டிய காசும் கிடைக்கேல்லை. எந்தச் சண்டையிலையும் அடுப்புச் செய்தவனுக்குக் காசு வந்ததா நான் கேள்விப்படேல்லை.

இப்ப மற்ற வசனம். "ஊரிலை தறப்பாளுக்குக் கீழை கிடந்தது காணாதெண்டு இஞ்சை வந்தும் கூடாரத்துக்குள்ளை கிடக்கினம்." 46 சிரிப்பும் இதுக்குத்தான்.

அண்ணை, நீங்கள் 86இலை மொன்றியலுக்கு வந்தனீங்கள். தறப்பாளை, அந்தக் கூரைக்குக் கட்டுற பிளாஸ்டிக் விரிப்பை, நீங்கள் போட்டோவிலை பாத்திருப்பியள். நான் கிடந்தனான். 95 ஒக்டோபர் கடைசியிலை சண்டையாலை யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்கச் சனம் வீடுவாசலை விட்டு மழைக்குள்ளை நடந்தபோது எனக்குப் பத்து வயசு, தென்மராட்சியிலை ஒரு மாமரத்துக்குக் கீழை எங்கடை தறப்பாள். அப்பா சைக்கிளிலை கட்டிக்கொண்டு வந்ததிலை ஒண்டு அவற்றை மரத்தூள் அடுப்பு. பொருளாதாரத் தடைக் காலத்திலை மண்ணெண்ணெய் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கிலை படிச்ச ஆக்களுக்கு அது தெரிஞ்சிருக்கும். பெரிய பெயின்ட் ரின், அடியிலை பக்கவாட்டாலை ஒரு தடி, நடுவிலை ஒரு போத்தல், சுத்திவர மரத்தூளைக் குத்திக் குத்தி இறுக்கிறது. பிறகு தடியை இழுத்து, போத்தலைச் சுழட்டிச் சுழட்டி மேலை எடுக்கவேணும். அந்த நேரம் அப்பா "மூச்சு விடாதையடா" எண்டுவார். நான் உண்மையிலை மூச்சை அடக்கிக்கொண்டு நிப்பன். கை கொஞ்சம் ஆடினாலும் தூள் இடிஞ்சு விழுந்திடும், திரும்ப முதலிலை இருந்து. இடியாமல் வந்தா உள்ளுக்கை வடிவா ஒரு வட்ட ஓட்டை, ரெண்டு மூண்டு மணித்தியாலம் நிண்டு எரியும். அந்தத் தறப்பாளுக்குள்ளை அம்மா தேத்தண்ணி வைச்சுப் பக்கத்து மரத்துக் குடும்பத்துக்கும் குடுத்தவ.

இதிலை எந்த இடத்திலை சிரிப்பு எண்டு 46 பேரிலை ஒராள் வந்து எனக்குச் சொல்லுங்கோ.

நான் ஏன் பனிக்குள்ளை கூடாரம் அடிக்கிறன் எண்டு எனக்கே வடிவாத் தெரியாது, அதை உங்களுக்கு விளங்கப்படுத்தவேண்டிய கடமையும் இல்லை. வெள்ளைக்காரன் செய்தா அட்வெஞ்சர், நான் செய்தா அகதிப் பழக்கமோ?

அப்பாவுக்கு வைபரிலை படத்தை அனுப்பினனான். அந்த மனுசன் கனநேரம் பாத்திட்டு ஒண்டே ஒண்டுதான் கேட்டவர், "புகை எங்காலை போகுது?" 46 பேரிலை ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை. காட்டினனான். "வளையிற இடத்திலை முதல் அரிக்கும், பார்" எண்டவர்.

வாற வெள்ளிக்கிழமை திரும்பப் போறம், மகளும் வாறா. விறகு அங்கை பக்கத்திலை வாங்குறதுதான், பூச்சி பரவுமெண்டு இஞ்சையிருந்து கொண்டுபோகக் கூடாது. அதுக்கு முதல் குழாய் வளையிற துண்டை, எல்போவை, மாத்தவேணும். ஊசி முனையளவிலை ஓட்டை ஒண்டு விழுந்திருக்கு, டோர்ச் அடிச்சுப் பாத்தனான். அதுவும் எனக்குத் தெரியும், அண்ணை.