அந்த ‘முதல் பெண்’ செய்தியைப் பற்றி

‘சுரங்கத்துக்குள் இறங்கிய முதல் பெண்’ என்று எங்காவது செய்தி வந்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அந்தப் பெண்ணின் மேல் இல்லை, அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ‘முதல்’ என்ற சொல்லின் மேல்தான்.

பெண்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். பிரிட்டனில் இடுப்பில் வார் கட்டி, காலுக்கிடையே சங்கிலி ஓட, நிலக்கரி வண்டியைத் தவழ்ந்து இழுத்தவர்களில் பெண்களும் சிறுமிகளும் உண்டு. 1842இல் சட்டம் போட்டு அவர்களை மேலே ஏற்றினார்கள். சுரங்க வேலை பற்றிய விசாரணை அறிக்கையைப் படித்த கனவான்களை உலுக்கியது முதுகொடியும் வேலை மட்டுமில்லை. அரைகுறை ஆடையோடு ஆண்களுக்குப் பக்கத்தில் பெண்கள் நிற்கிறார்களே என்பதும்தான். போன கூலிக்கு ஈடாக எதுவும் தரவில்லை. சிலர் சட்டத்தை மீறி இறங்கினார்கள். சிலர் வெளியே கரியில் கல் பொறுக்கப் போனார்கள். அந்த வேலைக்கும் ஆபத்து வந்தபோது, 1887இல் இங்கிலாந்தின் விகன் பகுதிப் பெண்கள் லண்டன் வரை போய் உள்துறை அமைச்சரிடமே முறையிட்டார்கள். வேலை தப்பியது.

இந்தியக் கதை இன்னும் வேடிக்கை. கிழக்கிந்தியாவின் ஜரியா, ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களில் குடும்பமாகவே இறங்குவார்கள். கணவன் வெட்டுவான், மனைவி கூடையில் சுமப்பாள். 1929இல் விதி போட்டுப் பெண்களைப் படிப்படியாக வெளியேற்றத் தொடங்கினார்கள். உலகப்போரில் கரி தட்டுப்பாடு வந்ததும் 1943இல் தடையை விலக்கினார்கள். போர் முடிந்து 1946இல் மறுபடியும் தடை. நடுவில் அந்த மூன்று வருடம், தடைக்குக் காரணமாகச் சொன்ன ஆபத்து எங்கே போயிருந்தது?

ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெண் நுரையீரலுக்கு ஆகாத தூசி ஆண் நுரையீரலுக்கு மட்டும் ஆகுமா? தூசியைக் குறைப்பதைவிடப் பெண்ணை வெளியேற்றுவது மலிவு, அவ்வளவுதான்.

இப்போது கதவு திறக்கிறது, சரி. யாருக்கு? 2019இல் இந்திய அரசு நிலத்தடியில் பெண்களுக்கு அனுமதி தந்தது தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்கு மட்டும். பெண்களின் நிலத்தடி வேலையைத் தடுத்த 1935ஆம் வருடத்துப் பன்னாட்டு உடன்படிக்கையிலேயே, கையால் வேலை செய்யாத நிர்வாகப் பெண்களுக்கு விலக்கு தர இடம் இருந்தது. ஆக, வெளியே அனுப்பப்பட்டவள் கூடை சுமந்தவள், 2019இல் உள்ளே அழைக்கப்பட்டவள் பட்டம் வாங்கியவள். பொறியாளர் பெண்கள் வரட்டும், வரத்தான் வேண்டும். ஆனால் கூடைக்காரியின் பேத்திக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை.

உடல் பலம் என்ற வாதமும் இனி எடுபடாது. ஆஸ்திரேலியாவின் பில்பரா சுரங்கப் பகுதியில் ஓடும் ஆளில்லா ராட்சத லாரிகளைப் பெர்த் நகரத்து அறையில் உட்கார்ந்து கண்காணிக்கிறார்கள். பலத்தைவிடச் சின்ன விஷயங்கள்தான் தடுக்கின்றன. கழுத்திலிருந்து கால்வரை ஒரே உடுப்பு, ஆண் அளவில் தைத்தது. சிறுநீர் கழிக்க முழுவதையும் கழற்ற வேண்டும், கழிப்பறையோ பக்கத்தில் இருக்காது. அதனால் ஷிப்ட் முடியும்வரை தண்ணீர் குடிக்காமலே சமாளிக்கிற பெண்கள் இருக்கிறார்கள்.