மலைப்பூண்டு தின்றால் ஐ.பி.எஸ். வயிற்றுவலி போகுமா?

"வெறும் வயிற்றில் தினமும் நாலு பல் கொடைக்கானல் மலைப்பூண்டு. ஒரே மாதத்தில் ஐ.பி.எஸ். வலி அடியோடு போகும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. ஐ.பி.எஸ். (IBS) என்பது இங்கே போலீஸ் அதிகாரி இல்லை, எரிச்சல் குடல் நோய்.

பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் இந்தப் பூண்டு புவிசார் குறியீடு வாங்கியது. குழம்பில் அதன் மணமே தனி. சரி, ஆனால் இந்த வலிக்கு அது மருந்தல்ல. பலருக்கு வலியைக் கிளப்பிவிடுவதே பூண்டுதான்.

 இந்த நோயில் குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்பு சீர்கெடுவதால் சாதாரண வாயுகூட வலியாகத் தெரியும். பூண்டிலுள்ள ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட் சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலில் பாக்டீரியா அதை நொதிக்க வைக்க, வயிறு உப்பும். வெங்காயத்திலும் கோதுமையிலும் இதே கதைதான். ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டை எண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம்.

அப்புறம், 'அடியோடு போகும்' என்பதும் பொய். உணவு, தூக்கம், மன அழுத்தம், தேவைப்பட்டால் மருந்து என்று கட்டுக்குள் வைக்கலாம், அவ்வளவுதான். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூக்கத்தைக் கலைக்கும் வலி இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.