கழற்றிய பாகத்தைக் கண்ணில் காட்டுங்கள்

ஆறு மாதங்களுக்கு முன் என் காரின் முன்பக்கத்தில் ஒரு சத்தம் வரத் தொடங்கியது. பெரிய வேகத்தடையில் ஏறி இறங்கினால் கேட்காது; குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருக்களில் மெதுவாகப் போகும்போதுதான் இடப்பக்கச் சக்கரத்தருகே ‘டொக் டொக்’ என்று தட்டும். ஏழு வருட வண்டி, 62,000 கிலோமீட்டர் ஓடியது, ஒரு சர்வீஸைக்கூடத் தவறவிடாமல் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே பராமரித்தது என்பதால், வேறு யோசனையே இல்லாமல் அங்கேதான் கொண்டுபோய் விட்டேன்.

மாலையில் சர்வீஸ் அட்வைசர் அழைத்தார். இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் மாற்ற வேண்டும், ஸ்டியரிங் ராக்கையும் பார்த்துவிடுவது நல்லது, மொத்தம் 41,600 ரூபாய் ஆகும் என்றார். ஒவ்வொன்றிலும் என்ன பழுது என்று கேட்டேன். “டெக்னீஷியன் சொல்லியிருக்கார் சார்” என்பதைத் தவிர அவரிடம் பதில் இல்லை. அந்த டெக்னீஷியனிடம் பேச முடியுமா என்றேன். வாடிக்கையாளர்களை உள்ளே விடுவதில்லை என்றார். வண்டியைச் சரிசெய்யாமலே எடுத்து வந்துவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் இருபது வருடங்களுக்கு மேலாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன், வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, சக்கரத்தை ஒரு பக்கமாக முழுதும் திருப்பி, குனிந்து உள்ளே கைவிட்டு எதையோ ஆட்டினார். “இங்க கை வெச்சுப் பாருங்க தம்பி” என்றார். வைத்தேன். ஷாக் அப்சார்பரையும், வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் கம்பியையும் இணைக்கும் லிங்க் ராடின் மூட்டு, ஆடும் பல்லைப் போல விரலுக்குள் அசைந்தது. அதன் ரப்பர் உறை கிழிந்து, உள்ளிருந்த கிரீஸ் காய்ந்து, துரு ஏறியிருந்தது. உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு நானே போய் இரண்டு லிங்க் ராடு வாங்கி வந்தேன். கூலியோடு சேர்த்து 2,100 ரூபாய். அதன்பின் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டேன், அந்தச் சத்தம் திரும்பவில்லை.

சர்வீஸ் சென்டரில் வேலை செய்யும் மெக்கானிக்குகள் திறமையற்றவர்கள் என்றோ, ஏமாற்றுக்காரர்கள் என்றோ நான் சொல்ல வரவில்லை. ஏர்பேக், ஏபிஎஸ் போன்றவற்றில் கோளாறு வந்தால் இன்றும் அங்கேதான் போவேன். ஆனால், வண்டியைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவர், என்னிடம் பேசுகிறவர் வேறொருவர், இருவருக்கும் நடுவே ஒரு பூட்டிய கதவு என்றிருக்கும்வரை, சொல்லப்படும் பழுது உண்மைதானா என்று அறிய எனக்கு எந்த வழியும் இல்லை. ஓனர்ஸ் மேனுவலின் அட்டவணையில் எங்கும் இல்லாத இன்ஜின் டிகார்பனைசிங்கும் (கரிப்படிவை நீக்குவது) ஏசி கிருமிநீக்கமும் நம்மைக் கேட்காமலே எஸ்டிமேட்டில் ஏறிவிடும்போது அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

வெளியில் கைவைத்தால் வாரண்டி போய்விடும் என்ற பயம்தான் பலரை அங்கேயே கட்டிப்போட்டிருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும், வெளி மெக்கானிக்கிடம் போன ஒரே காரணத்துக்காக வாரண்டி ரத்தாகும் என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் சொன்னது. அந்த வழக்கு மேல்முறையீடுகளில் வருடக்கணக்கில் இழுபட்டது. ஆனால் ஆணையம் கண்ட குறை நியாயமானது என்பதை, பில் கட்டும் இடத்தில் நின்ற ஒவ்வொருவரும் அறிவோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்தப் பாகம், ஏன் மாற்ற வேண்டும் என்று எழுத்தில் தர வேண்டும். வண்டி ராம்ப்பில் நிற்கும்போதே உரிமையாளரை அழைத்துப் பழுதைக் காட்ட வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுக்க வேண்டும். பெயரே தெரியாத சின்னப் பட்டறையில் இதையெல்லாம் கேட்காமலே செய்கிறார்கள். உங்களிடம் நியாயமற்ற கட்டணம் வாங்கியிருந்தால் பில்லையும், செய்யவேண்டிய வேலைகளை எழுதி நம்மிடம் கையெழுத்து வாங்கும் ஜாப் கார்டையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். வேலையில் குறையிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடங்களுக்குள் வழக்குத் தொடுக்கலாம்.

அடுத்த மாதம் என் வண்டிக்கு மறுபடி சர்வீஸ் வருகிறது. இந்த முறை ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன், ‘என்னைக் கேட்காமல் எந்த வேலையும் சேர்க்க வேண்டாம், கழற்றும் பாகங்கள் அனைத்தையும் என்னிடம் ஒப்படைக்கவும்’ என்று என் கையாலேயே அதில் எழுதி, ஒரு நகலும் வாங்கிக்கொள்ளப் போகிறேன்.