ஃபிரேம்வொர்க் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதையேதான் எழுதுகிறோம்

நேற்றைய மீட்டிங் பற்றி நாலு பேர் போன் பண்ணிக் கேட்டுவிட்டார்கள். கூட இருந்தவர்களுக்குத் தெரியும், முழுக் கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. ஆப் கட்டுவது பற்றி ஒரு தம்பி சில கேள்விகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து கேட்டான். திரையை மட்டும் கவனிக்கும் ரியாக்ட் என்ற லைப்ரரி போதுமா, ஆப்பின் எல்லாப் பகுதிக்கும் முன்பே வழி வகுத்துத் தரும் ஃபிரேம்வொர்க் வேண்டுமா என்பதில் வந்து நின்றது பேச்சு. "ரியாக்ட் போதும், ஃபிரேம்வொர்க் எல்லாம் கோட் எழுத வராதவர்களுக்கு" என்று ஒரு சீனியர் சொன்னார். அறை முழுக்கச் சிரிப்பு. அந்தத் தம்பி கையில் இருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்தக் காகிதத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். அதில் ஆங்குலர், நெக்ஸ்ட் மாதிரி ஒரு ஃபிரேம்வொர்க் வேண்டும் என்று எதுவும் இல்லை. கேள்விகள் மட்டும்தான். பக்கம் விட்டுப் பக்கம் போவதற்கு எதைப் பயன்படுத்துகிறோம்? சர்வரிலிருந்து டேட்டா எடுப்பது எந்த இடத்தில்? ஃபார்மில் தப்பு வந்தால் யார் காட்டுவது? பாதியில் லாகின் காலாவதியானால் என்ன ஆகும்? இதையெல்லாம் முடிவு செய்யப்போவது யார்?

இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். லைப்ரரியை எடுப்பதால் ஃபிரேம்வொர்க் தேவையில்லாமல் போய்விடாது. அதை நாமே எழுத வேண்டிவரும். அவ்வளவுதான் வித்தியாசம். ரியாக்ட் 2013-இல் வெளிவந்ததிலிருந்தே தன்னை ஒரு லைப்ரரி என்றுதான் சொல்லிக்கொள்கிறது. திரையில் என்ன தெரிய வேண்டும் என்பது அதன் வேலை. பக்கம் விட்டுப் பக்கம் போகும் ரவுட்டிங் இப்படி, டேட்டா இப்படி என்று அது சொல்லாது. புதிதாக ஒரு ஆப் தொடங்குகிறவர்கள் ஒரு ஃபிரேம்வொர்க்கோடு தொடங்குங்கள் என்று இன்று ரியாக்டின் டாக்குமென்டேஷனே பரிந்துரைக்கிறது. புது ரியாக்ட் ஆப் தொடங்கப் பல வருடம் எல்லாரும் நம்பியிருந்த கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவிக்கு 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே ஓய்வு கொடுத்து அனுப்பியது. எழுதியவர்களே சொல்வதை அந்தத் தம்பி சொன்னால் மட்டும் கோட் தெரியாதவனா?

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ப்ராஜெக்ட் என் கைக்கு வந்தது. ரியாக்ட் மட்டும்தான், மற்றதெல்லாம் முன்பு அதில் இருந்தவர்களே கட்டியது. கட்டியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். டேட்டா எடுப்பதற்கு நாலு விதமான வழி இருந்தது, ஆளுக்கு ஒன்று. தேடல் பெட்டியில் ஒரு பெயரை டைப் செய்தால் சில சமயம் வேறு பெயருக்கான முடிவு வந்து நிற்கும், எப்போதாவது மட்டும். வாடிக்கையாளர் சொல்வார், நாங்கள் முயன்றால் வராது. மூன்று வாரம் தேடினேன். கடைசியில் பார்த்தால், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ரிக்வெஸ்ட் போகிறது. முதல் எழுத்துக்கான பதில் மெதுவாகக் கிளம்பி, கடைசி எழுத்துக்கான பதிலுக்குப் பிறகு வந்து சேர்ந்து, சரியான முடிவின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. பழைய பதில் வந்தால் கண்டுகொள்ளாதே என்று, அடுத்த ரிக்வெஸ்டுக்கு முன் பழையதைத் துடைக்க ரியாக்ட் தரும் இடத்தில் (யூஸ்எஃபெக்டின் கிளீனப்) ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். அந்த வரி ஒரு திரையில் இருந்தது, பதினோரு திரைகளில் இல்லை. அந்தத் திரையை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது, மற்றவர்களுக்குச் சொல்ல ஒரு பொது இடம் இல்லை. ஃபிரேம்வொர்க் என்று நான் சொல்வது அந்தப் பொது இடத்தைத்தான்.

அப்புறம் ரவுட்டர். பக்கம் மாற்றுவதற்கென்றே தனியாக இருக்கும் ரியாக்ட் ரவுட்டர் என்ற லைப்ரரி 2021 நவம்பரில் ஆறாம் பதிப்புக்குப் போனது. கோடில் எழுதும் கட்டளைகளே மாறின: ஸ்விட்ச் போய் ரவுட்ஸ் வந்தது, யூஸ்ஹிஸ்டரி போய் யூஸ்நேவிகேட் வந்தது. எனக்கு முன் அந்த ப்ராஜெக்டில் இருந்தவர் பழைய ரவுட்டரைச் சுற்றித் தானே உறை மாதிரி ஒரு கோட் எழுதி வைத்திருந்தார். எந்த டாக்குமென்டேஷனும் இல்லாத அந்த உறையை இரண்டு மாதம் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஆங்குலர் மட்டும் ஒழுங்கா, 2016-இல் எல்லாரையும் நடுத்தெருவில் விடவில்லையா" என்று கேட்பீர்கள். விட்டார்கள். ஆங்குலர்ஜேஎஸ் என்ற முதல் ஆங்குலரிலிருந்து இரண்டாம் பதிப்புக்கு நேரே போக முடியவில்லை, திரும்ப எழுத வேண்டியிருந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழையதற்கு 2021 முடியும் வரை ஆதரவு தந்தார்கள். இன்று ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது, என்ஜி அப்டேட் என்று ஒரு கட்டளை கொடுத்தால் நம் கோடில் மாற்ற வேண்டியதில் பெரும்பகுதியை அதுவே மாற்றித் தருகிறது. நாமே கட்டியதற்கு அந்தக் கட்டளையை யார் எழுதித் தருவார்கள்?

"ஃபிரேம்வொர்க் என்றால் கனம் அதிகம்" என்பார்கள். ஏற்கெனவே இருக்கும் ஒரு பக்கத்தில் ஒரு சின்ன விட்ஜெட் வைக்க வேண்டுமென்றால் நானும் லைப்ரரிதான் எடுப்பேன். அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆறு பேர் சேர்ந்து மூன்று வருடம் நடத்தப்போகும் ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறேன்.

"சுதந்திரம் வேண்டாமா" என்கிறார்கள். யாருடைய சுதந்திரம்? முதல் மாதம் கோட் எழுதுகிறவருக்கு இருக்கிறது. இரண்டாம் வருடம் உள்ளே வருகிறவருக்கு இல்லை. அவர் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, யூட்டில்ஸில் இருக்கிறதா, ஹெல்பர்ஸில் இருக்கிறதா, காமனில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பார். கேட்டால், இதுகூடத் தெரியாதா என்ற பார்வை கிடைக்கும். அந்தப் பார்வையை நான் வாங்கியிருக்கிறேன். என் அறிவில்தான் ஏதோ குறை என்று ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று அந்தத் தம்பி முகத்தில் பார்த்தது அதேதான். ரியாக்டா ஆங்குலரா என்பதுகூட எனக்கு இப்போது இரண்டாம் பட்சம். கேள்வி கேட்டவனைப் பார்த்து எல்லாருமாகச் சேர்ந்து சிரித்தோமே, நானும் அந்த அறையில் வாயைத் திறக்காமல்தானே இருந்தேன்.

காலையில் அவனிடம் பேசினேன். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டானாம். "விடுங்கண்ணா, அவங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றான். மறுபடி எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை மீட்டிங்கில் முதல் கேள்வியிலிருந்து நானே வாசிக்கிறேன்.